அசல் பிரிண்ட் எது? புகழ்பெற்ற விளையாட்டுப் படங்களைச் சேகரிப்பவர்கள் தாளில் பார்ப்பது என்ன

குத்துச்சண்டை வீரர் சோனி லிஸ்டன் தரையில் மல்லாந்து கிடக்கிறார். முகமது அலி வலது கையை மடக்கி, எழுந்து வா என்று அவரைப் பார்த்துக் கத்துகிறார். 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், லூயிஸ்டன் என்ற ஊரில் எடுத்த படம். இந்தப் படத்தின் 'அசல் பிரிண்ட்' என்று தேடினால் சில டாலருக்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் டாலருக்கும் கிடைக்கிறது. ஏலப் பட்டியல்களைத் திறந்தால் 'டைப் 1', 'விண்டேஜ்', 'வயர்போட்டோ', 'லிமிடெட் எடிஷன்' என்று ஆளுக்கொரு சொல். விற்கிற எல்லோருமே அசல் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 'அசல்' என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

படம் எவ்வளவு புகழ்பெற்றது என்பது வேறு, கையில் இருக்கும் தாள் எப்போது, எதிலிருந்து பிரிண்ட் போடப்பட்டது என்பது வேறு. சேகரிப்பில் விலையைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்விதான்.

நெகட்டிவ் ஒன்று, பிரிண்ட் பல

பிலிம் காலத்தில் கேமராவுக்குள் உருவாவது நெகட்டிவ். அதை இருட்டறையில் கழுவி, வெள்ளி உப்பு பூசிய தாளில் ஒளி பாய்ச்சி எடுப்பது பிரிண்ட். ஒரு நெகட்டிவிலிருந்து நூறு பிரிண்ட் போடலாம். ஐம்பது வருடம் கழித்தும் போடலாம். அந்த நூறும் ஒரே படம்தான், ஆனால் ஒரே பொருள் அல்ல.

இன்னொரு வழியும் உண்டு. நெகட்டிவ் கையில் இல்லாதவர் ஒரு பிரிண்டைக் கேமராவால் மறுபடி படமெடுத்து, புதிய நெகட்டிவ் செய்து, அதிலிருந்து பிரிண்ட் போடலாம். இதற்கு நகல் நெகட்டிவ் என்று பெயர். ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் விவரம் தொலைகிறது. நிழலில் இருந்த மடிப்புகள் கறுப்பில் மூழ்கும். வெள்ளைச் சட்டையின் நூல் வரிகள் வெளுத்துப் போகும்.

நான்கு வகைகள்

அமெரிக்க பேஸ்பால் படச் சேகரிப்பாளர்களிடையே பிறந்த ஒரு வகைப்பாடு இன்று விளையாட்டுப் படச் சந்தை முழுவதும் பரவியிருக்கிறது. ஹென்றி யீ, மார்ஷல் ஃபோகல் உள்ளிட்டோர் 2005ல் வெளியிட்ட புத்தகம் அதை நிலைநிறுத்தியது. அதன்படி:

1. டைப் 1: அசல் நெகட்டிவிலிருந்து, படம் எடுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்குள் போட்ட பிரிண்ட்.
2. டைப் 2: அதே அசல் நெகட்டிவ்தான், ஆனால் இரண்டு ஆண்டுக்குப் பிறகு போட்டது.
3. டைப் 3: நகல் நெகட்டிவிலிருந்தோ வயர் (டெலிபோன் கம்பி) வழியாக வந்தோ, இரண்டு ஆண்டுக்குள் உருவானது.
4. டைப் 4: நகல் நெகட்டிவ் அல்லது வயர், காலமும் பிந்தியது.

இரண்டு ஆண்டு என்பது இயற்கை விதி அல்ல, சேகரிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட எல்லை. 23வது மாதத்தில் போட்ட பிரிண்டுக்கும் 26வது மாதத்தில் போட்ட பிரிண்டுக்கும் தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. கலைப் புகைப்படச் சந்தை இதே கருத்தைத் தளர்வாக 'விண்டேஜ் பிரிண்ட்' என்று சொல்லிக்கொள்கிறது.

டைப் 1 என்றால் முதன்முதலில் போட்ட பிரிண்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அடுத்து வரும் உதாரணத்தில் இது தெளிவாகும்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்

1948 ஜூன் 13. நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். நோயால் மெலிந்துபோன பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் மட்டையைக் கைத்தடிபோல் ஊன்றி நிற்கிறார். நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகையின் நாட் ஃபைன் அவருக்குப் பின்னால் போய் நின்று, முதுகிலிருந்த 3ஆம் எண் தெரியும்படி எடுத்த படம் 1949ல் புலிட்சர் பரிசு பெற்றது. இதன் பழைய பிரிண்ட் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16. ஜூன் மாதம் செய்திக்காக ஒரு முறை, ஆகஸ்டில் இரங்கல் பக்கத்துக்காக ஒரு முறை, 1949ல் பரிசுச் செய்திக்காக ஒரு முறை அசல் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டிருந்தால் மூன்றுமே டைப் 1. 1950 நடுப்பகுதி வரை அந்தச் சாளரம் திறந்திருக்கிறது. ஆனால் சேகரிப்பாளருக்கு மூன்றும் சமம் அல்ல. ஜூன் 1948 தேதி முத்திரையோடு வந்தால் அதற்குத் தனி மதிப்பு.

இப்போது பிரிண்டைத் திருப்புங்கள். பின்பக்கம் 'யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்' என்று முத்திரை இருந்தால் டைப் 1 கனவை அங்கேயே விட்டுவிடலாம். அந்தச் செய்தி நிறுவனமே 1958ல்தான், யுனைடெட் பிரஸ்ஸும் இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸும் இணைந்து உருவானது. முத்திரை பிற்பாடு குத்தியிருக்கலாமே என்று கேட்கலாம்; இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது.

அதே பிரிண்டின் கீழ் ஓரத்தில் படத்தோடு சேர்ந்தே தட்டச்சு வரிகள் தெரிந்தால் அது வயரில் வந்தது, டைப் 3 அல்லது 4. பளபளப்பான தாள் புற ஊதா வெளிச்சத்தில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாளே பிந்தைய காலத்தது. இந்த மூன்று சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும்.

வயர்போட்டோ: ஏன் மட்டமாகத் தெரிகிறது

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் வயர்போட்டோ சேவையை 1935 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அனுப்பும் இடத்தில் பிரிண்டை ஓர் உருளையில் சுற்றுவார்கள். உருளை சுழலச் சுழல ஒளிப்புள்ளி ஒன்று படத்தை வரி வரியாகப் படிக்கும்; இருட்டும் வெளிச்சமும் மின் சைகையாகி டெலிபோன் கம்பியில் போகும். மறுமுனையில் அதே வேகத்தில் சுழலும் உருளையில் பிலிமோ தாளோ ஒளியேறும். அங்குலத்துக்கு சுமார் 100 வரி.

லூப் என்ற சிறிய உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் அந்த வரிகள் தெரியும். கன்னம், வானம் போன்ற சமமான பரப்புகளில் நன்றாகத் தெரியும். லைன் இரைச்சல் அடித்திருந்தால் குறுக்கே வெள்ளைக் கீற்று விழுந்திருக்கும். படக்குறிப்பை அனுப்பும் முன்பே பிரிண்டின் ஓரத்தில் ஒட்டிவிடுவதால், வந்து சேரும் பிரதியில் எழுத்தும் படத்தின் பகுதியாகவே இருக்கும். பத்திரிகைக்கு நேரடியாகப் போட்ட பிரிண்டிலோ, குறிப்பு தனித் துண்டுத் தாளாகப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

1970களில் வந்த லேசர்போட்டோ பிரதிகள் இன்னும் கீழ்ப்படி. ரசாயனத்தில் கழுவாமல் சூட்டால் உருவேற்றிய மெல்லிய தாள். வெளிச்சத்திலும் சூட்டிலும் காலப்போக்கில் கறுத்துக்கொண்டே போகும். ஆவணமாக வைத்துக்கொள்ளலாம், சுவரில் மாட்ட உதவாது.

பின்பக்கம் சொல்லும் காலம்

முன்பக்கத்தை எவரும் நகலெடுக்கலாம். பின்பக்கத்து முத்திரை, பென்சில் குறிப்பு, பசைக் கறை, ஒட்டிய செய்தித் துண்டு எல்லாம் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். போலி செய்பவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்கப் பிரிண்ட் என்றால் நிறுவனப் பெயரும் முகவரியும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆக்மி நியூஸ்பிக்சர்ஸ் என்ற செய்திப்பட நிறுவனம் 1952ல் யுனைடெட் பிரஸ்ஸுக்குள் போய்விட்டது. எனவே அந்த முத்திரை அதற்கு முந்தையது. முகவரியில் 'நியூயார்க் 17' என்பதுபோல் ஊர்ப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் அந்த முத்திரையைச் செய்தது 1943க்குப் பிறகு. ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963க்குப் பிறகு. 1932 ஒலிம்பிக் படம் ஒன்றின் பின்னால் ஜிப் கோடு கண்ணில் பட்டால் அதற்கு மேல் ஆராய வேண்டியதே இல்லை.

பழைய ரப்பர் ஸ்டாம்ப் மை நார்த் தாளுக்குள் (பிளாஸ்டிக் பூச்சில்லாத பழைய வகைத் தாள்) சற்றே ஊறி, ஓரம் மங்கியிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகள் இருப்பது குறை அல்ல. படம் எத்தனை முறை பத்திரிகையில் வந்ததோ அத்தனை முத்திரை குத்தியிருப்பார்கள். கணக்கில் எடுக்க வேண்டியது மிகப் பழைய தேதியை. அது நிகழ்ச்சித் தேதியா, பிரசுரத் தேதியா, நூலகத்துக்கு வந்த தேதியா என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்தில் தாள் சுரண்டப்பட்டு, வட்டமாகவோ சதுரமாகவோ மெலிந்திருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். நூலக முத்திரையை அழித்த தடமாக இருக்கலாம். நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பிலிருந்து 1970களில் பழைய பேஸ்பால் படங்களும் கடிதங்களும் திருடுபோயின. திருட்டுப் பொருளை நல்ல எண்ணத்தில் வாங்கினாலும் திருப்பிக் கொடுக்க நேரும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

தேவையானவை: 10 மடங்கு லூப், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஒரு மேசை விளக்கு, அளவுகோல். மலிவான 395 நானோமீட்டர் டார்ச் எல்லாவற்றிலும் ஊதா வெளிச்சத்தைக் கொட்டி, ஒளிர்வை மறைத்துவிடும். அதைத் தவிருங்கள்.

1. லூப்பில் பாருங்கள். இருட்டறைப் பிரிண்டில் தொனி தொடர்ச்சியாக ஓடும். சிதறிய வெள்ளித் துகள் மட்டுமே தெரியும். ஒழுங்கான புள்ளி வலை தெரிந்தால் அது பத்திரிகையிலோ புத்தகத்திலோ அச்சான பக்கம். ஒழுங்கில்லாத நுண்ணிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் இன்க்ஜெட். விக்டர் ட்ரம்பர் கிரீஸை விட்டுத் தாவி இறங்கி அடிக்கும், ஜார்ஜ் பெல்டம் எடுத்த புகழ்பெற்ற கிரிக்கெட் படம் 1905லேயே புத்தகத்தில் வந்துவிட்டது. பழைய புத்தகத்திலிருந்து வெட்டிய தாள் பழையதுதான். ஆனால் அது மையால் அச்சானது, புகைப்படப் பிரிண்ட் அல்ல.

2. புற ஊதா வெளிச்சம். 1950களின் முற்பகுதியிலிருந்து போட்டோ தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்தார்கள். அது புற ஊதாவில் பளீரென ஒளிரும். 1930களின் படம் என்று விற்கும் தாள் ஒளிர்ந்தால் தாள் புதியது. இந்தச் சோதனை ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும்: ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்ட முடியாது, அந்த ரசாயனம் இல்லாத தாள்கள் பின்னாளிலும் விற்றன. பின்னால் ஒட்டிய குறிப்புத் துண்டையும் மறக்காமல் சோதியுங்கள்; தாள் பழையதாகவும் துண்டு மட்டும் ஒளிர்வதாகவும் இருந்தால் யாரோ பிறகு ஒட்டியிருக்கிறார்கள்.

3. சாய்ந்த வெளிச்சம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பிரிண்டைச் சாய்த்துப் பாருங்கள். பழைய வெள்ளிப் பிரிண்டில் கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரியும். படத்திலுள்ள வெள்ளி காற்றால் ஆக்சிஜனேற்றம் அடைந்து மேற்பரப்புக்கு நகர்ந்து வருவதால் உண்டாவது இது. பத்துப் பதினைந்து வருடத்துத் தாளில் இதைப் போலியாக வரவழைப்பது எளிதல்ல.

4. தொட்டுப் பாருங்கள், நைட்ரைல் கையுறையோடு. நார்த் தாள் பூச்சுப் பக்கமாகச் சுருளும். இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய ரெசின் தாள் தட்டையாகக் கிடக்கும், வழுக்கும். கறுப்பு வெள்ளையில் ரெசின் தாள் பரவியது 1970களின் தொடக்கத்தில். அதற்கு முந்தைய நிகழ்ச்சியின் பிரிண்ட் ரெசின் தாளில் இருந்தால் அது டைப் 2 அல்லது 4.

நகலைக் காட்டிக்கொடுக்கும் மடிப்பு

போலிகளில் அதிகம் அகப்படுவது நகல் நெகட்டிவ் பிரிண்ட். அதைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. படத்தில் ஒரு மூலையில் மடிப்புக்கோடு தெரிகிறது. நடுவில் ஒரு கீறல். இப்போது அதே இடத்தை விளக்கைச் சாய்த்துப் பாருங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். உண்மையான மடிப்பு என்றால் பூச்சு உடைந்து மேடு பள்ளம் இருக்கும், பின்னாலும் அதன் தடம் இருக்கும். மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் அந்த மடிப்பு வேறொரு பிரிண்டினுடையது. அதைப் படமெடுத்தபோது கூடவே பதிந்துவிட்டது. முத்திரையோ குண்டூசித் துளையோ இப்படி முன்பக்கத்தில் படமாகத் தெரிந்தாலும் அதே கதைதான்.

காலாவதியான பழைய தாளைத் தேடிப் பிடித்து அதில் புதிதாகப் பிரிண்ட் போடுவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட தாள் புற ஊதாச் சோதனையில் தப்பிவிடும். ஆனால் பல வருடம் கிடந்த தாள் தானாகவே சற்றுக் கறுத்துப்போயிருக்கும் என்பதால் வெள்ளைப் பகுதிகள் சாம்பல் பூத்ததுபோல் வரும். ஓரங்களில் வெள்ளிப் பளபளப்பும் இருக்காது. தேநீரில் முக்கி மஞ்சளாக்கிய தாளில் நிறம் பின்பக்கமும் ஒரே சீராகப் படிந்திருக்கும். படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போவைச் சரியாகக் கழுவாததால் வரும் உண்மையான மஞ்சள் திட்டுத் திட்டாக, முன்பக்கத்தில்தான் அதிகம் தெரியும்.

பத்திரிகை ஆசிரியர்கள் கிரீஸ் பென்சிலால் போட்ட வெட்டுக்கோடுகளும், பின்னணியை மறைக்கப் பூசிய வெள்ளைப் பூச்சும் போலிக்கான அறிகுறி அல்ல. அந்தப் பிரிண்ட் உண்மையிலேயே அச்சகத்துக்குப் போய்வந்ததற்கான சாட்சி. சுத்தப்படுத்துகிறேன் என்று அதை அழிப்பவர்கள் பிரிண்டின் பாதி வரலாற்றை அழிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வண்ணப் படங்களுக்கு வேறு கணக்கு

தொடக்கத்தில் சொன்ன அலி படத்துக்குத் திரும்புவோம். புகைப்படக்காரர் நீல் லைஃபர் அதை ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில், எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமில் (பிலிமிலேயே நேரான வண்ணப் படம் கிடைக்கும் வகை) எடுத்தார். அங்கே நெகட்டிவே இல்லை. பத்திரிகைக்குப் போனது ஸ்லைடு. சுவருக்கான பிரிண்டுகள் பெரும்பாலும் பிற்காலத்தில், படம் புகழ்பெற்ற பிறகு போட்டவை. அந்த வாரம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில்கூட இந்தப் படம் வரவில்லை. ஆகவே டைப் 1, டைப் 2 கணக்கு இதற்குப் பொருந்தாது. பார்க்க வேண்டியவை: எந்த முறையில் போட்ட பிரிண்ட், எந்த ஆண்டு, புகைப்படக்காரரின் கையெழுத்து, எடிஷன் எண் (இத்தனைதான் என்று வரம்பிட்டுப் போட்டவற்றில் இது எத்தனையாவது என்பது). எடிஷன் எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 16க்கு 20 அங்குலத்தில் ஒரு எடிஷன், 30க்கு 40ல் இன்னொரு எடிஷன் என்று அளவுக்கு ஒன்றாக வெளியிடுவது வழக்கம். மொத்தம் எத்தனை என்று எல்லா அளவையும் கூட்டிக் கேட்க வேண்டும்.

அதே நொடியை இன்னொரு கோணத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜான் ரூனி. அவர் படம் செய்தி நிறுவனம் வழியாகப் பத்திரிகைகளுக்குப் போனது. அதற்கு டைப் 1ம் உண்டு, டைப் 3ம் உண்டு. 1965 தேதியிட்ட கறுப்பு வெள்ளை வயர் பிரதியை 'லைஃபர் அசல்' என்று யாராவது நீட்டினால் அது பெரும்பாலும் ரூனியின் படம். பெயர் மாறினால் விலையும் மாறும்.

கழுவும்போது தாளில் சாயம் உருவாகும் சாதாரண குரோமோஜெனிக் வண்ணப் பிரிண்ட் இருட்டில் வைத்தாலும் சாயம் இழக்கும். ஸ்லைடிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் போடும் சிபாகுரோம் முறையில் போட்டது இருட்டில் நன்றாகவே தாங்கும். எனவே வண்ணத்தில் முறையின் பெயர் எழுத்தில் வேண்டும்.

சான்றிதழும் பின்னணியும்

பிஎஸ்ஏ போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் பிரிண்டை ஆராய்ந்து டைப் குறித்துக் கடிதம் தருகின்றன. அந்தக் கடிதம் ஒரு நிபுணர் கருத்து. மதிப்பீடு அல்ல, உரிமைப் பத்திரமும் அல்ல. கடிதத்தின் எண்ணை அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் போட்டு, அங்குள்ள படமும் கையிலுள்ள பிரிண்டும் கறை, கிழிசல் உட்பட ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரே அச்சடித்துத் தரும் 'நம்பகச் சான்றிதழ்' எதையும் நிரூபிக்காது.

'பெரிய பத்திரிகையின் ஆவணக்காப்பகத்திலிருந்து வந்தது' என்பது நல்ல அறிகுறி, அத்தாட்சி அல்ல. 2000க்குப் பிறகு பல பத்திரிகைகள் படங்களை டிஜிட்டலாக்கிவிட்டுப் பிரிண்டுகளை விற்றுவிட்டன. ஆஸ்திரேலியாவின் ஃபேர்ஃபாக்ஸ் குழுமம் தன் பிரிண்டுகளை டிஜிட்டலாக்க அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பியது. அந்த நிறுவனம் சரிந்து, பிரிண்டுகள் கைமாறின. அதன் உரிமையாளர் மோசடி வழக்கில் 2017ல் 12 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். எனவே காப்பகத்தின் பெயரோடு நிற்காமல், அங்கிருந்து யார் யார் கைக்கு வந்தது என்று ரசீதுகளோடு கேளுங்கள்.

கையெழுத்து தனிச் சரக்கு. பேஸ்பால் வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனை 1911ல் எடுத்த படம் ஒன்று 2021ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 14.7 லட்சம் டாலருக்குப் போனது. எழுதத் தெரியாதவர் என்று பெயரெடுத்த ஜாக்சன் அதில் கையெழுத்திட்டிருந்தார். விலையைத் தூக்கியது அதுதான். அந்தத் தொகையை வைத்து மற்ற பழைய படங்களுக்கு விலை கணக்கிடக் கூடாது. பிரிண்ட் வாங்கியதால் படத்தின் காப்புரிமையும் கூடவே வந்துவிடாது. போஸ்டராக அச்சிட்டு விற்க அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

வைத்துக் காப்பது

ஈரம்தான் முதல் எதிரி. ஒப்பு ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது நல்லது. 65 சதவீதம் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல தீனி. உறைகளில் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் வாங்குங்கள், பிவிசி வேண்டாம். உறை புகைப்படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியது என்று உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஃபிரேம் போடுவதானால் கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் இடையில் அமிலமில்லாத அட்டைச் சட்டம் இருக்க வேண்டும். ஈரம் ஏறும்போது ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் கண்ணாடியோடு போய்விடும். பிரிண்டை அட்டையில் பசையோ சூடோ கொண்டு ஒட்டவே கூடாது. மூலைப் பைகளில் செருகி நிறுத்தினால் போதும், பின்பக்கத்து முத்திரையும் தப்பும். வண்ணப் பிரிண்டுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு), கறுப்பு வெள்ளைக்கு 100 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம்.

பின்னால் குறிப்பு எழுத வேண்டியிருந்தால் பிரிண்டைக் கடினமான, சமமான பரப்பில் கவிழ்த்து, ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். ரெசின் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு பிரிண்டை உள்ளே வையுங்கள்.